சாயக்காரரின் கடல் சாமந்தி

பட்டு நூலைச் சாயத்தில் எத்தனை முழுக்குப் போட்டார்கள் என்று பார்த்த பார்வையில் சொல்லும் கண், எங்கள் தெருச் சாயக்காரருடையதைப் போல் காஞ்சிபுரத்திலேயே வேறு கிடையாது. அந்தக் கண்ணை ஏமாற்றப் பார்த்தவன் நான். அவர் வளர்த்த உயிரை, உயிர் இருக்கும்போதே குப்பையில் போட்டவனும் நான்தான்.

வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்து ஒரு கடல் சாமந்தி வளர்த்தார். பார்க்கப் பூ, உண்மையில் பிராணி. "உடம்பு பாசிப்பயறு, நுனி வாடாமல்லி" என்று அதன் நிறத்தையும் சாயப் பெயரில்தான் சொல்வார். அது பாறையில் அங்குலம் அங்குலமாக நகரும் நாளில் வேலை நடக்காது. கல்யாணப் புடவைக்கு நூல் கேட்டு வந்தவரையே, "அது எடம் மாறிக்கினு இருக்குதுபா, கதவ மெதுவா சாத்திக்கினு போ" என்று விரட்டினார்.

அவர் திருப்பதி போன மூன்று நாள் தொட்டி என் பொறுப்பு. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் என்று என்னை நம்பினார். எனக்கோ அதைத் தொடவே பயம், கொட்டும். இரண்டாம் நாள் காலை அது அழுக்குத் துணியாகச் சுருங்கி, வாய் வழியே பழுப்பாக எதையோ கக்கியிருந்தது. செத்து அழுகினால் தொட்டியே விஷமாகும் என்று படித்திருந்தேன். கரண்டியால் வழித்து, பையில் கட்டி, குப்பை வண்டியில் கொடுத்தேன்.

"இன்னா சார், உள்ள ஏதோ அசையுது?" என்றாள் வண்டிக்காரம்மா.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

சாமந்தியின் மடியில் குடியிருந்த கோமாளி மீன் வெறும் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. தாங்காமல் சென்னைக்கு ஓடி, அதே அளவில் இன்னொரு சாமந்தி வாங்கி வைத்தேன்.

சாயக்காரர் மொட்டைத் தலையோடு வந்து குனிந்தார்.

"சார், வாடாமல்லி ஒரு முழுக்கு கம்மியா இருக்குதே?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"மோந்து பாத்தீங்களா?"

"இல்லை."

"செத்திருந்தா தெருவே நாறியிருக்கும். அது வயித்த கழுவிக்கினு இருந்திருக்குது சார். சாயங்காலம் விரிஞ்சிருக்கும். வெலங்கியல் வாத்தியாராம்!"

அடிப்பார் என்று நினைத்தேன். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அடித்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துப் புதியது பாறையை விட்டு மிதந்து, தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் பக்கம் போனது. உறிஞ்சினால் கூழாகிவிடும். பாய்ந்து மோட்டாரை அணைத்தார்.

"கைய உள்ள வுடுங்க சார். கால் புடிக்கிற வரைக்கும் கல்லாண்டயே வெச்சிக்கினு இருங்க."

"கொட்டுமே?"

"கொட்டட்டும்."

அரைமணி நேரம் மூச்சுகூட விடாமல் நின்றேன். மெல்லக் கல்லைப் பற்றியது. கையை எடுத்தேன், முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. சாயக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.