கழுத்தில் கத்தி, சுவரில் படம்

காஞ்சிபுரத்தில் கழுத்தில் கத்தியை வைத்து ஓவிய ரசனையை வளர்த்த ஆள் ஒருவர்தான். சின்ன காஞ்சிபுரத்தில் சலூன் வைத்திருக்கும் படக்கார அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ரேஷன் கடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்பார்.

அவர் கடைச் சுவரில் நடிகர்கள் கிடையாது. வாரப் பத்திரிகைக் கதைகளுக்கு வரைந்த படங்கள், போனில் தேடிப் பிடித்து ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்த படங்கள், தரையிலிருந்து கூரைவரை அவைதான். முகத்தில் நுரை ஏறியதும் பாடம் ஆரம்பமாகும்.

"ஃபேன் சுவிட்சுக்கு மேல பாருபா. பெங்களூர்ல ஒரு பொண்ணு வரையுது, நேத்துதான் கண்டுபிடிச்சேன். ஒரு சொட்டு மழை போடல. ஆனா நனைஞ்சிக்கினு நிக்கறாங்க பாரு. எப்படி இருக்குது?"

கத்தி தொண்டைக்குழியில் இருக்கும். அந்த நிலையில் நல்லாயில்லை என்று சொன்னவர் யாரும் கிடையாது.

திருப்புட்குழி மாப்பிள்ளை ஒருவனுக்கு, யாரோ ஒரு ஓவியர் வரைந்த பாணியில் முன்முடியை மூன்று கற்றையாகத் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார். முகூர்த்தத்தில் தலைப்பாகை கட்டித்தான் அவனை உட்கார வைத்தார்கள். சண்டைக்கு வந்த மாமனாரிடம், "அந்த மண்டைக்கு அந்த முடி உக்காரலபா. படத்து மேல தப்பில்ல" என்றார்.

கடையில் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் ஓட்டை. படத்தைக் கத்தரித்தால் அதன் பின்பக்கத்தில் இருக்கும் கதையும் சேர்ந்து போகுமே என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை.

என் முதல் கதை வந்த வாரம், முடி வளராமலே முடி வெட்டப் போனேன். யாராவது அதைப் படிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவு அற்ப ஆசை. தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த பெரியவர் ஒருவர் படித்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தைத் திருப்பினார். ஜன்னல் அளவுக்கு ஓட்டை, அதன் வழியாக அவர் வேட்டி தெரிந்தது. என் கதாநாயகி ரயில் ஏறினாளா இல்லையா என்பது சின்ன காஞ்சிபுரத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அண்ணே, அது என் கதைண்ணே."

"உன் கதையா? குடுத்து வெச்சவன்பா நீ. எப்பேர்ப்பட்ட படம் போட்டிருக்காரு பாரு."

ரயிலடியில் முதுகு காட்டி நிற்கும் என் கதாநாயகி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தாள். மூலையில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சுழி. அன்றிலிருந்து அந்தச் சுழிக்காகவே அண்ணன் பத்திரிகை வாங்கினார். என் கதைகள் அத்தனையையும் வெட்டினார். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. எனக்கு வயிறு எரியும்.

இந்த வருஷம் ஒரு நாள் என் கதையோடு பத்திரிகை வந்தது. கத்தரிக்கோலை எடுத்தவர் வெட்டாமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு கத்தரியை வைத்துவிட்டு, நாற்காலியில் நுரையோடு உட்கார்ந்திருந்த என்னிடம் கத்தியோடு வந்தார்.

"யாருபா இத வரைஞ்சது? சுழியக் காணோமே."

பொய் சொல்ல முடியாத இடத்தில் கத்தி இருந்தது. "கம்ப்யூட்டர்ண்ணே. இப்பல்லாம் அதுலயே பண்ணிடறாங்க."

"அப்ப அவரு?"

"வீட்ல சும்மா இருக்காராம்."

கத்தி நின்றுவிட்டது. "போன் போடுபா."

பாதி முகத்தில் நுரையோடு, பத்திரிகை ஆபீஸில் ஒருவரைக் கேட்டு நம்பர் வாங்கிப் போட்டேன். ஸ்பீக்கரில் ஓவியர் "ஹலோ" என்றார். அண்ணன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். எங்களிடம் இத்தனை வருஷம் பேசிய பேச்சில் பாதியை அங்கே பேசியிருக்கலாம். வந்தது இதுதான்:

"சார், நீங்க ஏன் சார் யாருக்கும் கையே போடறதில்ல? முந்தானையில, பாக்கெட்டுல மறைச்சிக்கினே இருக்கீங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்குக் கை வராதுங்க" என்றது போன். "இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"பரவால்ல சார், கத்துக்கங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

"இனிமே யாருக்குங்க வரையறது?"

"எனக்குத்தான் சார்" என்றார் அண்ணன். அதற்குள் ஓவியர் போனை வைத்துவிட்டிருந்தார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை. ஒவ்வொரு சவரத்துக்கும் அண்ணன் "எடுத்தாரா?" என்று கேட்கிறார். இல்லை என்று மெதுவாகத்தான் சொல்கிறேன். அதற்குக் கத்தி காரணமில்லை.

இப்போது என் கதைகள் அந்தக் கடையில் முழுசாகக் கிடக்கின்றன. போன வாரம் ஒருவர் கடைசி வரிவரை படித்துவிட்டு, "நல்லா இருக்குதுபா" என்றுகூடச் சொன்னார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பழையபடி கத்தரியை எடுத்து, என் கதையில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் போதும் என்றிருக்கிறது எனக்கு.