இடது கையால் ஓர் அழைப்பு

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.15-க்கு மோட்டார் போட்டு 5.32-க்கு நிறுத்தினேன். காபி. பதினோரு தொட்டிகளுக்கும் தண்ணீர் (ஒன்றில் செடி இல்லை, பழக்கத்தில் அதற்கும் ஊற்றினேன்). 9.20-க்கு ஆவடியிலிருந்து காட்டுப்பாக்கம் கிளம்பினேன். என் டைரியில் அந்த நாள் இவ்வளவு ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. அடுத்த பக்கத்தில் கையெழுத்தே மாறிவிடுகிறது.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். நாற்பத்தொன்பது வயதில், கை என்னதான் செய்யும் பார்ப்போமே என்ற ஆர்வத்தில், காட்டுப்பாக்கத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் அச்சுக்கலை வகுப்பில் சேர்ந்தேன். ரப்பர் போலிருக்கும் லினோ ஷீட்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, மேலே காகிதத்தை வைத்து ஸ்பூனால் தேய்த்து எடுக்க வேண்டும். ஆசிரியை ரிஸ்வானாவுக்கு வயது இருபத்தாறு. "உளி போற பாதையில விரல் இருக்கக் கூடாது சார்" என்பது முதல் பாடம். அதை மூன்று பிளாஸ்டர்களில் கற்றேன்.

ஆறாவது வாரத்திலேயே எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. தங்கை மல்லிகா நெமிலிச்சேரியில் வீடு கட்டி முடித்திருந்தாள். புதுமனை புகுவிழா அழைப்பிதழ் நாற்பதையும் என் கையாலேயே அச்சடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மல்லிகாவுக்கு ஒரே கவலை அவள் நாத்தனார் ராஜேஸ்வரி அக்கா. பால் காய்ச்ச வேண்டியவர் அவர்தான். ஆனால் மல்லிகா மகனின் காதுகுத்துக்கு வரவில்லை. "போன்ல கூப்ட்டா வர்றதுக்கு நான் இன்னா ஆட்டோவா?" என்று கேட்டவர், அதற்குப் பின் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

"அண்ணா, முதல் பத்திரிகை அண்ணிக்குத்தான். இந்தத் தடவ எதுவும் கொற வெச்சிடக் கூடாது" என்றாள் மல்லிகா.

குறையா? நானா? அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கினேன். கண்ணாடியில் காட்டிப் பதினான்கு முறை சரிபார்த்தேன் (எண்ணிக்கை டைரியில் இருக்கிறது). நடுவில் ஒரு பெண், இடுப்பில் குடம், நீட்டிய வலது கையில் வெற்றிலை பாக்கு. எழுத்தில் காட்டிய கவனம் போதும் என்று நினைத்தேனோ என்னவோ, அவளை வீட்டில் உட்கார்ந்து நேரடியாக ஷீட்டிலேயே வரைந்தேன். அவ்வளவு அழகாக வந்தாள்.

அன்று வகுப்பில் நாற்பதும் அடித்து முடித்தேன். ஒவ்வொரு முறையும் காகிதத்தின் ஓரத்தைத் தூக்கும்போது, உள்ளே என்ன வந்திருக்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். "சூப்பர் சார்" என்றாள் ரிஸ்வானா. (அவள் இடது கைப் பழக்கக்காரி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.)

மாலை ஐந்து மணிக்கு வானகரத்தில் ராஜேஸ்வரி அக்கா வீடு. நான், என் மனைவி சாந்தி, மல்லிகா. தட்டில் பழம், பூ, குங்குமம், பத்திரிகை. பெருமை தாங்காமல் செதுக்கிய ஷீட், மை, உருளை எல்லாவற்றையும் பையில் கொண்டு போயிருந்தேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி, இந்தப் பொம்பள இடது கையால தாம்பூலம் குடுக்குது?"

எட்டிப் பார்த்தேன். கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"முந்தானையும் சோத்தாங்கைப் பக்கம் கீது. அன்னிக்கு போன்ல கூப்ட்டீங்க. இன்னிக்கு இடது கையால கூப்புட்றீங்களா?"

மல்லிகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. சாந்தி என்னைப் பார்த்த பார்வையில், திருப்பி அனுப்பப்பட்ட பாகங்களின் மனநிலை எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

பையிலிருந்து ஷீட்டை எடுத்துக் காட்டினேன். "அக்கா, இதுல பாருங்க, சரியாத்தான் குடுக்கறா. காகிதத்துல மாறிடுச்சு."

"அப்போ இத்த எனக்குக் குட்த்துட்டு, காயிதத்த நீயே வெச்சிக்கினு இருந்திருக்கலாமே?"

அக்கா ஷீட்டை வாங்கி, செதுக்கிய பள்ளங்களை நகத்தால் தடவினார். பிறகு, கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டவர் போல, "இதுல மை எப்டி ஏறும்?" என்றார்.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தேன். அக்காவே உருளையை ஓட்டினார். அவர் வீட்டு ஸ்பூனாலேயே தேய்த்தார், மாவு பிசைகிற பலத்தோடு. "மெதுவா அக்கா" என்றேன். "நீ மெதுவா செஞ்சிதான் இப்டி ஆச்சு. சும்மா இரு" என்றார்.

ஓரத்தைத் தூக்கினார். மூச்சை நிறுத்திக்கொண்டு மெல்ல உரித்தார். "அட!" என்றார். உடனே, "இப்பவும் இடது கைதான்" என்றார். இன்னொன்று அடித்தார். மூன்றாவதும் அடித்தார். அது ஒன்றுதான் திருப்தி. அதைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தபடி மல்லிகா பக்கம் திரும்பினார்.

"இத்த நானே அட்ச்சேன். எனக்கு நானே பத்திரிக வெச்சிக்கினேன். இனிமே யார் மேல கோச்சிக்கறது? பால் எத்தினி மணிக்குக் காய்ச்சணும், சொல்லுடி."

"அஞ்சரைக்கு அண்ணி" என்று சொல்வதற்குள் மல்லிகா அழுதேவிட்டாள்.

மற்ற பத்திரிகைகளையும் அப்படியே கொடுக்கச் சொன்னார் அக்கா. கொடுத்தோம். விழாவில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் வந்து மொய்க் கவரை வலது கையால் மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் மட்டும் இடது கையை நீட்டிக் குலுக்கினார்கள். இப்போதும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் எனக்கு அந்த மரியாதை உண்டு.

ஆனால் அதை ஆரம்பித்து வைத்தவள் சாந்தி. மார்ச் 10, திங்கட்கிழமை, 5.10-க்கு எழுந்தேன். மோட்டார் போடப் போகும் முன்பே எதிரில் வந்து நின்றாள். முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள். காபி டம்ளரை இடது கையால் நீட்டினாள்.