கப்பல் ஏறறதுக்கு முன்னால அல்சூர் ஏரி

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலைதான். அல்சூர் ஏரிக்குப் போயி, ஒரு மணி நேரம் படகுல உக்காந்துட்டு வரணும்.

இதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

விஷயம் இதுதான். நானும் என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவும் ரெண்டு வருஷமா காசு சேத்துக்கிட்டு இருந்தோம். பம்பாய்ல இருந்து கோவாவுக்குக் கப்பல் விட ஆரம்பிச்சிருந்தாங்க. அதுல போகணும்னு ஸ்டெல்லாவுக்கு ஆசை. அவ கோலார் தங்கவயல்ல பொறந்தவ. அவங்க அப்பா ஆயுசு பூரா பூமிக்குள்ள எறங்கி வேலை பாத்தவரு. நாலு பக்கமும் தண்ணியும் வானமும் மட்டும் தெரியற ஒரு எடத்துல ஒரு தடவையாவது நிக்கணும்னு கல்யாணமான புதுசுலயே எங்கிட்ட சொல்லியிருந்தா.

நான் ஒரு ஃபேக்டரி ஆபீஸ்ல கிளார்க்கு. கப்பல் டிக்கெட்டு எங்கே, என் சம்பளம் எங்கே. ஆனா சிக்கனம்னு எறங்கிட்டா என்னை யாரும் அடிச்சுக்க முடியாது. பிரேசர் டவுன்ல இருந்து ஆபீசுக்கு நடந்தே போனேன். சினிமா கிடையாது. காபிக்கு வெல்லம். புதுசு வாங்காம, பழைய ஷேவிங் பிளேடையே கூர் வர்றதுக்காகக் கண்ணாடி டம்ளருக்குள்ள தேய்ச்சுத் தேய்ச்சு, அது பிளேடா தகடான்னு தெரியாத அளவுக்குக் கொண்டாந்தேன். ஆபீஸ்ல என் மூஞ்சியில இருந்த கீறலைப் பாத்து, வீட்ல பூனை வளக்கறீங்களான்னு கேட்டாங்க.

ஒரு வழியா காசு சேந்துது. திங்கக்கிழமை பிரிகேட் ரோடுல இருக்கற ஏஜென்ட்டுகிட்ட கட்டணும்.

சனிக்கிழமை சாயங்காலம் இதைப் பக்கத்து வீட்டு சுபேதார் நடேசன்கிட்ட சொன்னதுதான் நான் பண்ணின முட்டாள்தனம். அவரு பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. யுத்தத்துல கப்பல்ல போனவரு. சந்தோஷப்படுவாருன்னு பாத்தா, தலையை ஆட்டினாரு. கப்பல்ல அவரு கூட வந்த பயில்வானுங்க எல்லாம் எப்படி வாந்தி எடுத்தே சுருண்டு கெடந்தாங்கன்னு ஒவ்வொருத்தர் பேரா சொல்லி விவரிச்சாரு. அப்புறம் கேட்டாரு:

"அந்தோணி சார், உங்க ஒடம்புக்குத் தண்ணி ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு தெரியுமா? கட்டின பணம் திரும்ப வராது, தெரிஞ்சுக்கோங்க."

பணம் போனா என்ன பண்றது? ரெண்டு வருஷத்து வெல்லக் காபியாச்சே.

பரீட்சை பண்ணிப் பாக்கறதுக்கு அவரே வழியும் சொன்னாரு. அல்சூர் ஏரியில படகு எடுக்கணும். ஏரித் தண்ணி சும்மா கெடக்கும், அதனால படகை நாமதான் ஆட்டணும். முக்கியமா வயிறு நெறைய சாப்பிட்டுட்டு ஏறணும். காலி வயித்தோட போனா பரீட்சை செல்லாதாம்.

அதனால ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல ரொம்ப நாள் கழிச்சு மட்டன். பரீட்சைக்காகத்தான். நான் பரீட்சையைக் கொஞ்சம் அதிகமாவே எழுதிட்டேன். சட்டியை ஸ்டெல்லா எடுத்து உள்ள வெக்கற வரைக்கும் எழுதினேன்.

காலையில சர்ச்சு பூசைக்குப் போட்டிருந்த கோட்டைக்கூட கழட்டலை. அப்படியே ஏரிக்குப் போனோம். படகுக்காரரு நல்ல படகு ஒண்ணைக் காட்டி, தானே துடுப்புப் போடறேன்னு ரேட்டு சொன்னாரு. ஓரமா பழைய படகு ஒண்ணு கெடந்துது. அது என்ன ரேட்டுன்னு கேட்டேன்.

"பேடா சாமி, பேடா"ன்னு கன்னடத்துல வேண்டாம்னு தடுத்தாரு. அதுக்குள்ள தண்ணி ஊறுமாம்.

எவ்வளவு ஊறும்னு கேட்டேன். கொஞ்சம்தான்னாரு. அப்போ பாதி ரேட்டுக்குக் குடுங்க, துடுப்பு நானே போட்டுக்கறேன்னேன். அவரு என் கோட்டைப் பாத்தாரு, ஸ்டெல்லாவைப் பாத்தாரு, ஒரு தகர டப்பாவைக் கையில குடுத்தாரு. ஊறற தண்ணியை மொண்டு வெளிய ஊத்தறதுக்கு.

கெளம்பினோம். நான் துடுப்பு, ஸ்டெல்லா டப்பா. ஒரே எடத்துல ரெண்டு மூணு வட்டம் போட்டப்புறம், படகே பாவம் பாத்து ஏரி நடுவுக்குப் போச்சு.

ஸ்டெல்லா கையைத் தண்ணியில விட்டுக்கிட்டே வந்தா. காத்துல தலைமுடி பறந்துச்சு. அவ மொகம் அப்படி இருந்து நான் பாத்ததே இல்லை. அதோட விட்டிருக்கலாம். ஆனா பரீட்சைன்னு வந்தப்புறம் ஒழுங்கா பண்ணணும் இல்லையா?

"ஆட்டு ஸ்டெல்லா"ன்னேன்.

அவ இந்தப் பக்கம் சாஞ்சா, நான் அந்தப் பக்கம் சாஞ்சேன். படகு ஆடிச்சு. இன்னும் நல்லா ஆட்டச் சொன்னேன். இன்னும் ஆடிச்சு. கரை மேல போச்சு, கீழ வந்துச்சு. கூடவே மட்டனும் மேல வந்துச்சு.

போதும்னு சொல்ல வாயைத் தொறந்தேன். சொல்லு வரலை, மத்தது வந்துது. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தினேன். துடுப்பு நழுவித் தண்ணியில விழுந்து, நிதானமா மெதந்து போயிடுச்சு. நான் ஸ்டெல்லா கையில இருந்த டப்பாவைப் பிடுங்கி மொகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டேன்.

"டப்பாவைக் குடுங்க, தண்ணி ஏறுது"ன்னா ஸ்டெல்லா.

குடுக்கற நெலமையில நான் இல்லை. ஷூவுக்குள்ள தண்ணி வந்துது. கணுக்காலுக்கு வந்துது. எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கோவாவைப் பாக்காம அல்சூர்லயே சாகப் போறோம்னு முடிவே பண்ணிட்டேன். டப்பாவை இறக்கிட்டு, காப்பாத்துங்கன்னு கத்தினேன். கரையில கூட்டம் சேந்துது. காலையில பூசையில என் பக்கத்துல முட்டி போட்டிருந்தவங்க பாதிப் பேரு அங்கதான் நின்னாங்க.

படகுக்காரரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கினாரு. நீந்துவாருன்னு பாத்தேன். நீந்தலை. நடந்தாரு. பீடி வாயில இருந்தபடியே நடந்து வந்து படகு பக்கத்துல நின்னாரு. தண்ணி அவரு இடுப்புக்குத்தான் இருந்துது.

"எறங்குங்க சாமி, நடந்தே போயிடலாம்."

எறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. நான் எறங்கின ஒடனே, அத்தனை நேரம் அமுங்கிக் கெடந்த படகு ஜம்முனு மேல எழும்புச்சு. அதுல ஸ்டெல்லா நேரா உக்காந்து டப்பாவை அலசி, தண்ணியை மொண்டு ஊத்திக்கிட்டே வந்தா. அவரு இழுத்துக்கிட்டுப் போனாரு. பின்னால கோட்டோட நான் நடந்தேன்.

பாதி ரேட்டுல மிச்சம் பிடிச்சதெல்லாம் தொலைஞ்ச துடுப்புக்கு ஈடு கட்டவே போயிடுச்சு.

வீட்டுக்கு வந்ததும் சுபேதார் ரிசல்ட்டு கேட்டாரு. மட்டன் ஒத்துக்கலைன்னு நான் சொன்னேன். ஸ்டெல்லா குறுக்கிட்டா:

"நானும் அதே மட்டன்தான் சாப்பிட்டேன்."

சுபேதார் தலையை ஆட்டிக்கிட்டே அவரு வீட்டுக்குள்ள போயிட்டாரு.

ராத்திரி நான் பெருந்தன்மையா பேசினேன். கப்பலை விட்டுடலாம், அந்தக் காசுக்கு நல்லதா ஒரு ரேடியோ வாங்கலாம்னேன். அவ எந்திரிச்சுப் போயி, தோச்ச கோட்டைக் கொடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. எனக்கு அந்தப் படகுல பாத்த மொகம் ஞாபகம் வந்துது. அதுக்கப்புறம் ரேடியோ பேச்சை நான் எடுக்கலை.

காலையில நானே பிரிகேட் ரோடுக்குப் போயி ரெண்டு டிக்கெட்டுக்குப் பணம் கட்டிட்டு வந்தேன். ஒண்ணு ஸ்டெல்லாவுக்கு. இன்னொண்ணு தங்கவயல்ல இருக்கற அவ அக்கா மேரிக்கு.

போயிட்டு வந்தா. பாதி ராத்திரி வரைக்கும் மேல்தட்டுலயே நின்னாங்களாம். கடல் தட்டுல ஊத்தி வெச்ச மாதிரி அசையாம இருந்துதாம். கப்பல்ல ஒருத்தருக்குக்கூட ஒடம்புக்கு ஒண்ணும் ஆகலையாம்.

நானும் வந்திருக்கலாமேன்னு கேட்டேன். அக்காவே நல்ல தொணைதாங்கன்னா.

இப்போ சிங்கப்பூர் கப்பலுக்குக் காசு சேக்கறோம். சேக்கறது ரெண்டு பேரும். போறது அவங்க ரெண்டு பேரும்.