மானேஜரிடம் சங்கம் போன கதை

வாத்தியார்களுக்கு வீரம் உண்டு. என்ன, ஒரு பீரியடுக்கு மேல் தாங்காது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த காலத்தில் இதை நானே நிரூபித்துக் காட்டினேன்.

அங்கே ஒரு வழக்கம். மார்ச் கடைசியில் எல்லா லெக்சரர்களுக்கும் வேலை போய்விடும். ஜூனில் மானேஜருக்கு மனசிருந்தால் திரும்ப எடுப்பார். (விடுமுறைச் சம்பளம் அவருக்கு மிச்சம், இரண்டு மாதம் நாங்கள் அவர் வீடு தேடிப் போய்க் கும்பிடுவது உபரி.) இதை நிறுத்தச் சொல்லத்தான் சங்கம் தொடங்கினோம். தொழிற்சங்கம் பற்றி வகுப்பெடுப்பவன் என்பதால் பேச்சாளன் நான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் ஏறிய முதல் ஆள், புதுக் கோட்டு வேறு தைத்து வைத்திருந்தேன். விடுவேனா?

"ஒருத்தரும் தனியாப் பேசப்படாது ஓய்! சங்கமாத்தான் பேசணும்" என்று பிசிக்ஸ் மாதவன் பிள்ளை எல்லாரிடமும் சத்தியம் வாங்கினார்.

மதிய இடைவேளையில் ஒன்பது பேரும் மானேஜர் அறைக்குள் நுழைந்தோம்.

"என்னவாக்கும் விஷயம்? கூட்டமா வந்திருக்கு?"

"கூட்டமில்லை சார், சங்கம்" என்றேன். (என்ன மிடுக்கு!)

"சரி, சொல்லும்."

'மார்ச்சில் எங்களை நிறுத்தாதீர்கள்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நான் இங்கிலாந்து நெசவாலைகளிலிருந்து ஆரம்பித்தேன். மான்செஸ்டரைத் தாண்டுவதற்குள் மானேஜர் பியூனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். காப்பிதான் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தது கல்லூரி மணியோசை.

"எனக்கு இன்டர்மீடியட் கிளாஸ் உண்டு" என்று மாதவன் பிள்ளை திரும்பி நடந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும். பழக்கம் அப்படி, மணி கேட்டால் கால் தானாக நடக்கும்.

மானேஜர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

"சங்கம் போயாச்சே சாரே! மிச்சம் நீர் ஒருத்தரல்லே? தனியாளா உமக்கு என்ன வேணும், சொல்லும்."

சங்கத்தின் மானத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "எனக்கும் கிளாஸ் உண்டு சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

வகுப்பில் ஒரு பையனும் இல்லை. அந்த மணியை நம்பியவர்கள் நாங்கள் மட்டும்தான். பையன்கள் சாப்பிட்டு, கைகழுவி, சாவகாசமாக வந்தார்கள்.

மார்ச்சில் வழக்கம்போல எல்லாருக்கும் வேலை போயிற்று. ஜூனில் எட்டுப் பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு எடுத்தார்கள். ஒன்பதாமவன் நான்; இப்போது நாகர்கோவிலில் டுடோரியல் நடத்துகிறேன்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். வீட்டில் எந்த வாக்குவாதமானாலும், நியாயம் என் பக்கம் சாய்கிற நேரம் பார்த்து அவள் கரண்டியால் தட்டில் 'டங்' என்று ஒரு தட்டு தட்டுகிறாள்.

"போங்க, கிளாஸுக்கு நேரமாச்சு!"

எழுந்து சட்டையை மாட்டிய பிறகுதான், அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாபகம் வருகிறது.