காதால் வாங்கிய பஸ்

மோகன்ராஜ் அன்று காலை எழுந்ததே கோபத்தோடு. காபி சூடாக இருந்தது. அதற்கு ஒரு கத்தல். மனைவி தேவசேனா ஆற்றிக் கொடுத்தாள். ஆறிப்போச்சு என்று இன்னொரு கத்தல். பிறகு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்று அறிவித்தார்.

"இன்னிக்கு பஸ் பாக்கப் போறோம். நான் பேசுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சரிய்யா."

"சரின்னும் சொல்லக் கூடாது."

தேவசேனா தலையை ஆட்டினாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் செருப்பைத் தேடினார்.

விஷயம் இதுதான். ஊர் மொகிலி மலையடியில். பள்ளிக்கூடம் மலைக்கு மேலே பலமனேரில். பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் மூட்டை மூட்டையாகத் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறுக்காமல், மகிளா சங்கத்துப் பெண்கள் பழைய ஸ்கூல் பஸ் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தார்கள். சங்கத் தலைவி தேவசேனா. மோகன்ராஜோ ஆயுசெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பஸ்ஸைப் பார்த்து எடுக்கவேண்டியது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எடுத்த பஸ்ஸை யார் ஓட்டுவது என்பதில்தான் வீடு ஒரு மாதமாக இரண்டுபட்டுக் கிடந்தது.

"நான்தான் ஓட்டுவேன்" என்பது அவர் கட்சி.

"உன் முட்டிய வெச்சிக்கினு கக்கூஸுக்கே கம்பியப் புடிச்சிக்கினுதான் போற. கிளட்ச்ச எப்டி மிதிப்ப?"

"அது என் முட்டி. உனுக்கின்னா?"

"சரி, முட்டி உன்னுது. வாயி? நீ கத்தற கத்துல பிள்ளைங்க ஏ பி சி டிக்கு முன்னாடி கெட்ட வார்த்தைய கத்துக்கும்."

"மொகிலி ஏத்தம் இன்னா உங்க சங்க மீட்டிங்கா, டீ குடிச்சா முடிஞ்சிபுடறதுக்கு? அங்க எந்த வளைவுல எந்த கியரு போடணும்னு தெரிஞ்ச கை இந்த ஜில்லாவுல ஒண்ணே ஒண்ணு. தோ, இது! வேற எந்தக் கைய நம்பியும் பிள்ளைங்கள ஏத்த வுடமாட்டேன். ஏத்தினா குறுக்க படுப்பேன்."

படுக்கக்கூடியவர்தான். அதனால் தேவசேனா அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். மோகன்ராஜ் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

சித்தூரில், பழைய பஸ்களை வாங்கி விற்கும் இஸ்மாயிலின் ஷெட். வாசலிலேயே புது மஞ்சள் பெயிண்டில் ஒரு பஸ் மினுமினுவென்று நின்றது. இஸ்மாயில் ஓடிவந்தார்.

"பண்டி பங்காரம் அன்னா! வண்டி தங்கம்! சீட்டப் பாருங்க, சோபா மாதிரி."

"கலரு நல்லா இருக்குது" என்றாள் தேவசேனா.

"வாயத் தொறக்காதன்னு சொன்னனா இல்லியா? பஸ்ஸு வாங்கறது இன்னா பொடவ எடுக்கறதா, கலரு பாக்க?" என்று சீறிய மோகன்ராஜ், இஸ்மாயில் பக்கம் திரும்பினார். "இஞ்சின் மூடியத் தொற."

திறந்தார்கள். இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தவர் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் கையை உதறினார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வெச்சிருக்கியா? காலையில சில்லுன்னு கிடக்கறப்ப கிளம்பாதுல்ல?"

"இல்லன்னா, சும்மா ஒரு ரவுண்டு..."

"இப்போ ஓட வுடு. ஆயில் ஊத்தற மூடியக் கழட்டு."

கழற்றினார்கள். ஓடுகிற இஞ்சினிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது.

"ரிங்கு தேஞ்சி பேக் கம்ப்ரஷன் அடிக்குது. இது இஞ்சினாடா, சாம்பிராணிக் கரண்டியா? நாப்பது பிள்ளைங்கள வெச்சிக்கினு பாதி மலையில இது படுத்துக்கினா, உங்க அப்பன் வந்து தள்ளுவானா?"

இஸ்மாயில் தேவசேனாவைப் பார்த்தார். தேவசேனா பஸ்ஸின் படிக்கட்டு உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெட்டின் பின்கோடியில் இன்னொரு பஸ். மஞ்சள் வெளுத்து பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணாடியில் மழைக் கறை. மோகன்ராஜ் அதன் இஞ்சினைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது. புகை கொஞ்சம் வந்தது, நின்றது. மூடியைக் கழற்றினால் மூச்சில்லை. அரைமணி நேரம் கீழே படுத்தும் மேலே ஏறியும் தேடினார். திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அதில் கோபம் இன்னும் ஏறியது.

"இஞ்சின் சரி. கியர் பாக்ஸு இன்னா சொல்லுதுன்னு ஏத்தத்துலதான் தெரியும். மொகிலிக்கு ஓட்டிக்கினு வா. ஆனா காலி பஸ்ஸு ஆட்டுக்குட்டி கூட ஓட்டும். லோடு வேணும்."

"லோடுக்கு நம்ம சங்கத்து பொம்பளைங்க இருக்காங்க" என்றாள் தேவசேனா.

இந்த ஒன்றை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். அவர்களைப் பார்த்த யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

மலையடி டீக்கடை ஓரம் பஸ் நின்றது. கோதை, வெங்கடலட்சுமி என்று ஆரம்பித்து சங்கமே சிரித்துக்கொண்டு ஏறியது. "என் கனமும் சேரட்டும்" என்று தேவசேனாவும் ஏறினாள்.

"நீங்களே ஓட்டிப் பாருங்கன்னா" என்றார் இஸ்மாயில்.

"முட்டாளாடா நீ? சீட்டுல உக்காந்தவனுக்கு இஞ்சினு பேசறது கேக்காது, அவன் பவுசுதான் கேக்கும். வெளிய நின்னு காதால பாக்கணும். கண்ண மூடிக்கினு பாக்கணும். எவனாவது ஒருத்தன ஓட்டச் சொல்லு."

"ஆளு உள்ளயே இருக்குதுன்னா."

மோகன்ராஜ் அதற்குள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். இஸ்மாயில் கையசைத்தார். பஸ் கிளம்பியது.

ஃபர்ஸ்ட் கியர். இழுக்கிறது. செகண்ட். உரசல் இல்லை. தேர்ட். இஞ்சின் ஒரு தடவைகூட முனகவில்லை. முதல் வளைவு வருகிறது. இப்போது மாற்றணும், இப்போது, என்று மோகன்ராஜின் இடது கால் தன்னால் மண்ணை மிதித்தது. மிதித்த அதே நொடியில் மேலே கியர் இறங்கியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. ஒரு 'கர்'ரும் இல்லை. அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அது அவருக்கே தெரிந்துபோய் உடனே இறுக்கிக்கொண்டார்.

மலை ஏறிய பஸ் திரும்பி இறங்கியது. இறங்கும்போதுதான் ஆளின் வேலை தெரியும். பிரேக்கை மிதித்து மிதித்து டிரம்மைச் சுடவைக்கிற பயல்கள்தான் இந்த ரோட்டில் அதிகம். இந்த பஸ்ஸோ சின்ன கியரிலேயே, இஞ்சினின் பிடியிலேயே, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குகிற மாதிரி வந்தது. கீழே வந்து நின்றபோது பிரேக் கருகிய வாசனை துளியும் இல்லை.

"கியர் பாக்ஸு சுத்தம்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இந்த பஸ்ஸத்தான் எடுக்கறோம். அது கிடக்கட்டும். எவன்டா அவன், ஓட்டினவன்?"

"அது யாரோ கத்துக்குட்டிங்கன்னா. நீங்க ஓட்டினா இத விட ஜோரா..."

வந்தது கோபம். இவ்வளவு நேரம் வந்ததெல்லாம் அதற்கு ஒத்திகை.

"யாரடா கத்துக்குட்டின்ற? என் காதப் பொய்யாக்கறியா? அந்த மூணாவது வளைவுல நான் செகண்ட் போட்டாக்கூட கியர் பல்லு ஒருவாட்டி கடிக்கும். இந்தக் கைக்கு கடிக்கலடா!"

"அதுக்காக, இந்தக் கைய நம்பி சின்னப் பிள்ளைங்கள ஏத்திட முடியுமா?" என்றார் இஸ்மாயில்.

"ஏத்துவேன்! காணிப்பாக்கத்து விநாயகர் சத்தியமா ஏத்துவேன்! நாப்பது பிள்ளைங்களையும் ஏத்துவேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்!"

டீக்கடையில் டீ ஆற்றும் சத்தம் நின்றது. சித்தூர்ப் பக்கத்தில் யார் தலையில் அடித்தும் சத்தியம் செய்யலாம், அப்புறம் மறந்தும் போகலாம். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைச் சொல்லிவிட்டு மாறியவன் கிடையாது. குடிகாரனே அந்தப் பெயரைச் சொன்னபின் பாட்டிலை வைத்துவிடுவான்.

மோகன்ராஜ் கண்ணைத் திறந்து திரும்பினார். டிரைவர் பக்கக் கதவும் திறந்தது. முதலில் ஒரு செருப்புக் கால் இறங்கியது. அதில் மெட்டி இருந்தது. பிறகு முந்தானையை இடுப்பில் செருகியபடி தேவசேனா முழுவதும் இறங்கினாள்.

சங்கம் ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டியது.

மோகன்ராஜ் மெட்டியையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரனப் பாக்க, பேரனப் பாக்கன்னு ரெண்டு வருஷமா திருப்பதிக்கு ஓடினியே, அது...?"

"பேரனையும் பாத்தேன்."

"லைசன்ஸு?"

"ஹெவி."

"யாரு கத்துக் குடுத்தது?"

"டிரைவிங் ஸ்கூல்ல ஸ்டியரிங்க புடிக்கத்தான் கத்துக் குடுத்தாங்க. வளைவுல எப்ப கியரு மாத்தணும்னு நீதான். முப்பது வருஷமா தூக்கத்துல கால ஒதச்சிக்கினு நீ மொகிலி ஏறல? பக்கத்துல யாரு படுத்துக்கினு இருந்தது?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு வெடித்தது. இஸ்மாயில் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நான் வண்டிக்குத்தான் சர்டிபிகேட் குடுத்தேன்!" என்று கத்தினார் மோகன்ராஜ்.

"கைக்கும்தான் மாமா குடுத்த" என்றாள் கோதை ஜன்னலிலிருந்து. "பிள்ளையாரு வேற சாட்சி. வேணும்னா வா, இப்பவே இந்த பஸ்லயே காணிப்பாக்கம் போயி கேட்டுட்டு வரலாம்."

மோகன்ராஜ் மலையைப் பார்த்தார். மலையைத் திட்டலாமா என்று யோசித்தார். அதுவும் அவள் பக்கம்தான் இருக்கும்போலத் தோன்றியது.

தேவசேனா மறுபடி ஏறி சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"இந்தாய்யா, பின்னாடி டீக்கடை பெஞ்சு இருக்குது. ரிவர்ஸ் எடுக்கணும். கொஞ்சம் போயி நின்னு பாத்துச் சொல்லு."

ஒரு நிமிஷம் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முட்டி நோக நோக பஸ்ஸின் பின்பக்கம் போய், கோபம் இம்மியும் குறையாமல், தகரத்தில் பட்டென்று ஓர் அடி அடித்துக் கத்தினார்.

"வரட்டும்... வரட்டும்... வரட்டும்..."