ஒன்றரைத் திமிலுக்கு ஏழு தலைமுறை

அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு பொருளை "இனிப் பயன்படாது" என்று அறிவிக்க, கிர்கிஸ்தானில் எங்கள் பிஷ்கெக் நகரத்தில் ஒன்பது கையெழுத்து வேண்டும். ஒரு மனிதனை அப்படி அறிவிக்க ஒரே கையெழுத்து போதும். எனக்கு அது வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரைக்கும், எப்போதோ மூடிப்போன ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி ஸ்டூடியோவுக்கு நான்தான் ஸ்டோர் கீப்பர். பெயர் சபீர்பேக்.

என் பொறுப்பில் எரியாத விளக்குகள், ஓடாத கடிகாரங்கள், உட்காரக் கூடாத நாற்காலிகள் எல்லாம் உண்டு. அவற்றோடு 417ஆம் எண்ணில் ஒரு பொம்மை. பதிவேட்டில் இப்படி எழுதியிருக்கும்: "ஒட்டகக் குட்டி. கம்பளித் துணி. திமில் ஒன்றரை."

எங்கள் பக்கத்து ஒட்டகத்துக்கு இரண்டு திமில். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இதற்கு ஏன் ஒன்றரை என்றால், 1994 குளிர்காலத்தில் துணி தீர்ந்துபோனதால். பொம்மையைத் தைத்து, ஆட்டி, குரலும் கொடுத்த புருல்ச்சா அக்கா, வேறு வழியில்லாமல் தன் வீட்டுக்காரர் தொக்தோசூனுடைய கோட்டில் ஒரு கையை வெட்டி, அந்த அரைத் திமிலைத் தைத்துவிட்டார். அந்த மனிதர் அந்தக் குளிர்காலம் பூராவும் ஒரு கை அரைக்கையாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டே அலைந்தாராம்.

"இன்னொரு கையையும் வெட்டியிருந்தா ரெண்டாவது திமிலும் முழுசா வந்திருக்குமே அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெட்டத்தான் கத்தரியோட போனேன். மனுஷன் கோட்டைப் போட்டுக்கிட்டே படுத்துத் தூங்குறாரு. என்ன பண்ணச் சொல்றே?"

தொம்போக் என்பது அந்தக் குட்டியின் பெயர். சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் வரும். பதினோரு வாரம் வந்தது. அந்த வருஷம் சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். ஆகவே ஊர் ஜனம் தொம்போக்கைப் பார்த்தது வாரத்துக்கு நாலு நிமிஷம். மீதி ஆறு நிமிஷம் இருட்டைத்தான் பார்த்தது. பன்னிரண்டாவது வாரம் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். கதைக்கு முடிவே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தொக்தோசூன் அண்ணன் போய்ச் சேர்ந்தார். எங்கள் வழக்கப்படி அவருடைய துணிமணியெல்லாம் உடலைக் கழுவினவர்களுக்குப் போய்விட்டது. நாற்பதாம் நாள் கழிந்ததும் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, அவரோடதுன்னு வீட்டுல ஒரு நூல்கூட இல்லை. அந்தக் கோட்டுக் கை ஒண்ணுதான் மிச்சம். ஒட்டகத்தைக் குடுத்துடேன்."

நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "பயன்படாது" என்று எழுதி விண்ணப்பம் அனுப்பினேன். எட்டு கையெழுத்து வாங்கப் பதினாலு மாசம் ஆனது. ஒன்பதாவதுக்காகக் காத்திருந்தபோதுதான் ஊருக்குப் பழைய ஞாபகம் வந்து தொலைத்தது.

ஆரம்பித்து வைத்தவன் காபிக்கடை எலாமன். தொம்போக் படத்தைச் சுவரில் வரைந்து, "நாம் தொலைத்த பால்யம்" என்று கீழே எழுதினான். அவனுக்கு வயது இருபத்துநாலு. நிகழ்ச்சி நின்று ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவன். அவன் எதைத் தொலைத்தான் என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. ஒன்றரைத் திமில் நுரை வைத்த காபிக்கு வாசல்வரை வரிசை. சட்டையில் தொம்போக், செருப்பில் தொம்போக், கழுத்தில் பச்சை குத்திய தொம்போக். அந்த அரைத் திமில் அந்தக் காலத்து ஆட்சிக்கு எதிரான மறைமுகக் கண்டனம் என்று ஒரு பேராசிரியர் எழுதினார். துணி பற்றாக்குறை என்று நான் பதில் எழுதினேன். அவர் அதையும் மேற்கோள் காட்டி, அதுவே கண்டனம்தான் என்றார்.

மக்கள் அழுதால் அரசாங்கம் சும்மா இருக்குமா? "பால்ய நினைவுகள் ஒழுங்குபடுத்தும் குழு" உருவானது. தலைவர் கச்கின்பாய், நாற்பத்தொரு வயது, கைக்குட்டை எப்போதும் தயார். அக்காவுக்கு வர வேண்டிய ஒன்பதாவது கையெழுத்து இவருடையதுதான். விண்ணப்பத்தின் குறுக்கே சிவப்பு மையில் எழுதினார்: "தேசத்தின் கண்ணீரைப் பயன்படாது என்பதா? 417ஐப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்க."

பதிவுக் கூட்டத்துக்கு என்னையும் அக்காவையும் கூப்பிட்டார்கள். தட்டில் எங்கள் ஊர்ப் பணியாரம் போர்சோக், ஆட்டுக் கொழுப்பில் பொரித்து வைத்திருந்தது. எங்களுக்குத் தரவில்லை.

"முதல்ல நிகழ்ச்சியைக் கண்ணால பார்த்த சாட்சி வேணும்," என்றார் கச்கின்பாய்.

"நான்தானேய்யா ஆட்டுனேன்," என்றார் அக்கா.

"அப்போ எங்கே இருந்தீங்க?"

"மேஜைக்கு அடியில. கை மட்டும் மேல."

"அப்போ நீங்க பார்க்கலை."

"நான் எப்படிய்யா பார்ப்பேன்?"

"எழுதிக்கோங்க. பார்க்காதவர். சாட்சியாகத் தகுதியில்லை. தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை."

அடுத்தது கடைசிப் பகுதி. ஒட்டகக் குட்டி அதன் அம்மாவைக் கண்டுபிடித்தபோது தான் விம்மி விம்மி அழுததாகக் கச்கின்பாய் சொன்னார். இல்லை, அது நிலாவுக்குப் போனது என்றார் இன்னொருவர். பனியில் உறைந்து செத்தது, அன்றிலிருந்து தான் ஆட்டுக்கறியே தொடுவதில்லை என்றார் மூன்றாமவர். அவர் வாயில் அப்போதும் போர்சோக் இருந்தது.

"கடைசிப் பகுதின்னு ஒண்ணு எடுக்கவே இல்லையேய்யா!" என்று அக்கா கத்தினார்.

"அம்மா, மக்களோட நினைவை அவமதிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏழுக்கு நாலு என்ற கணக்கில் ஒட்டகம் அம்மாவைக் கண்டுபிடித்தது.

பிறகுதான் வந்தது சிக்கல். பொம்மையைப் பதிவு செய்யத் தனிப் படிவம் இல்லாததால், ஒட்டகம் என்ற முறையில் கால்நடைத் துறைப் படிவத்தை எடுத்திருந்தார்கள். அதில் நாலாவது கட்டம்: "தந்தை வழி, ஏழு தலைமுறை."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஜனங்களிடம் இது விளையாட்டு இல்லை. ஏழு தகப்பன் பேர் தெரியாதவன் அடிமை என்பது எங்கள் சொலவடை. தேசச் சின்னத்தை அடிமையாக விட முடியுமா?

"இதோட அப்பா யாரும்மா?" என்று கச்கின்பாய் பேனாவைத் திறந்தார்.

"என் வீட்டுக்காரர் கோட்டு."

"கோட்டோட அப்பா?"

"கம்பளி."

"அதுக்கு அப்பா?"

"செம்மறிக் கிடா. வேறென்ன?"

தேசத்தின் ஒட்டகம் மூன்றே தலைமுறையில் ஆடாகிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். வம்சம் நிரூபணமாகாவிட்டால் பதிவு கிடையாது. பதிவு இல்லாவிட்டால் பழையபடி "பயன்படாது". அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். கச்கின்பாய் எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்தார்.

"அனாதையை ஏத்துக்கிறது நம்ம மரபு. தொம்போக்கை நான் என் கூடப்பிறந்த தம்பியா ஏத்துக்கிறேன். என் குலம் கராதால் கிளை. என் ஏழு தகப்பனும் இனி அவனோட தகப்பன். எழுதிக்கோங்க." ஏழு பேரையும் கணீரென்று சொன்னார். கைதட்டல் அடங்க நேரமானது. அவரும் விடவில்லை. "எங்க கராதால் பத்தித் தெரியுமில்ல? எங்க பொண்ணு வயித்துப் பிள்ளைங்க வந்து கேட்டு, வெறுங்கையோட திரும்பினதா சரித்திரமே இல்லை. அந்த வழக்கத்தை இந்தக் குழுதானே போன வருஷம் பன்னிரண்டாம் நம்பர் பாரம்பரியமா பதிவு பண்ணுச்சு!"

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பெண் வயிற்றுப் பிள்ளை தாய்மாமன் வீட்டுக்கு வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. "அந்தப் பிள்ளை வருவதற்கு ஏழு ஓநாய் வரட்டும்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? என் அக்கா மகன் வந்தான், டீ குடித்தான், என் மோட்டார் சைக்கிளைக் கேட்டான். ஓநாயாக இருந்தால் ஒரு ஆட்டோடு போயிருக்கும்.

வெளியே வந்ததும் நான் புலம்பினேன். "போச்சுக்கா, எல்லாம் போச்சு. இனி கண்ணாடிப் பெட்டிதான்."

அக்கா முகத்தில் வருத்தத்தையே காணோம். "தம்பி, திறப்பு விழாவுக்கு நல்ல பை ஒண்ணு கொண்டு வா. ஜிப்பு வச்சதா பார்த்து."

விழாவன்று கூட்டம் சொல்லி மாளாது. கோட்டுக் கை கதை பதிவுக் கூட்டத்திலிருந்து எப்படியோ கசிந்திருந்தது. இளசுகள் பாதிப் பேர் ஒரு கை வெட்டிய கோட்டோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். எலாமன் இரண்டு கையையும் வெட்டியிருந்தான். முன்வரிசையில் கராதால் கிளைப் பெரியவர்கள், வெள்ளைக் கம்பளித் தொப்பியும் கைத்தடியுமாக. புது உறவைப் பார்க்கக் கச்கின்பாய்தான் வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார்.

திரை விலகியது. கண்ணாடிக்குள் தொம்போக். எல்லாரும் அழுதார்கள். அப்போது புருல்ச்சா அக்கா முன்னால் போய்ப் பெரியவர்களுக்குத் தலை தாழ்த்தினார்.

"மாமன்மாரே, என் அம்மா கராதால் பொண்ணு. நாரின்ல வாக்கப்பட்ட சாய்கால். எழுபத்தோரு வருஷத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்லை. இன்னைக்குக் கேக்குறேன். இந்த ஒட்டகம் எனக்கு வேணும்."

கச்கின்பாய்க்கு முகம் வெளுத்தது. "அம்மா, இது தேசத்தோட சொத்து..."

மூத்த பெரியவர் கைத்தடியைத் தட்டினார். "உன் தம்பின்னு சொல்லித்தானேப்பா எங்களைக் கூட்டிட்டு வந்தே?"

"ஆமாங்க பெரியப்பா. தம்பியைத் தூக்கிக் குடுக்க முடியுமா? வழக்கத்துல இடமில்லையே."

"கூடப்பிறந்தவனை ஏன்டா கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சே?"

"அது... ஒட்டகம்ங்க."

"ஒட்டகம்னா குடு. நம்ம பொண்ணு வயித்துப் பிள்ளை கேக்குது."

கச்கின்பாய் குழுவைப் பார்த்தார். குழு விழாத் தட்டிலிருந்த போர்சோக்கைப் பார்த்தது. பன்னிரண்டாம் நம்பர் பாரம்பரியத்தை மீறினால் பாரம்பரியக் குழுவே தன் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். பதினாலு மாசம் அலைந்தவன் நான். அந்தப் பூட்டைத் திறந்த சுகத்தை என்னவென்று சொல்ல!

அக்கா பொம்மைக்குள் கையை விட்டார். தொம்போக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்து, "ஏன் எல்லாரும் அழுறீங்க? எனக்குப் பசிக்குது," என்றது. அதே குரல்தான். பின்வரிசையில் ஒரு பெண் முகம் சுளித்தாள்: "குரல் இப்படி இருக்காதே. கெடுத்துட்டாங்க."

அக்கா பொம்மையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மினி பஸ் ஏறிவிட்டார்.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல்பக்கம் கோட்டு மாட்டும் ஆணியில் தொம்போக் தொங்கியது. போகும்போதும் வரும்போதும் அக்கா அந்த அரைத் திமிலைத் தொட்டுக்கொண்டார். "அவர் கோட்டு இந்த ஆணியிலதான் தம்பி கிடக்கும். இன்னொரு கையைக் குடுக்காமலே போயிட்டாரு பாவி," என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இங்கே குழுவுக்குப் பெரிய கவலை. கண்ணாடிப் பெட்டி காலி. குடுத்துவிட்டோம் என்று எழுத முடியாது; காணோம் என்றும் எழுத முடியாது. இரண்டு நாள் யோசித்து முடிவெடுத்தார்கள். கூடத்து விளக்குகளை அணைத்தார்கள். வாசலில் பலகை மாட்டினார்கள்: "தொம்போக், 1994. அன்று நாம் பார்த்தபடியே."

ஜனம் குவிந்தது. நாலு நாலு பேராகக் கும்மிருட்டுக்குள் போய், காலிப் பெட்டிக்கு முன்னால் நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருகிறார்கள். "அப்படியே இருக்கு, கொஞ்சம்கூட மாறலை!" என்றான் எலாமன். பேராசிரியர் மூன்று தடவை வந்துவிட்டார்.

இந்தப் பைத்தியக்காரத்தனத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் நானும் ஒரு நாள் உள்ளே போனேன். இருட்டு. பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். என்ன கருமமோ, நானும் மூக்கைச் சிந்தினேன். அம்மாவைக் கண்டுபிடித்ததும் அது கழுத்தை நீட்டிய அந்த நீட்டல்! 1994இல் நான் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன்; எங்கள் கூடாரத்தில் டிவியே கிடையாது. இது வெளியே வந்து, வாசலில் கண்ணால் பார்த்த சாட்சிகளுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

படிவத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஓடினேன். அதற்குள் ஒன்பது கையெழுத்தும் விழுந்துவிட்டன.