அறுபத்திரண்டாவது பெட்டி

“கப்பல் ரசீதுல அறுபத்தோரு பெட்டி. சாமான் பட்டியல்ல அறுபத்திரண்டு. இப்ப என்ன பண்றது பாஸ்?” என்று கேட்டாள் குமாஸ்தா சுஹுரா.

முவாண்டோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து அந்த மொம்பாசா அலுவலகத்தின் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். சரக்குக் கம்பெனியில் பதினோரு வருடமாகத் துணை மேலாளர். கிழக்கு ஆப்பிரிக்காவின் தலைமை மேலாளர் நாற்காலியோ இரண்டு மாதமாகக் காலி.

முந்தின நாள்தான் டென்மார்க் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. ‘நம் கம்பெனி பெயரில் வரும் வீட்டுச் சாமான் கன்டெய்னர் நாளை நான்கு மணிக்குள் நியாலியில் உள்ள கம்பெனி பங்களாவுக்குப் போய்விட வேண்டும். யாருடையது என்று இப்போது கேட்க வேண்டாம். உங்கள் சொந்தப் பொருளாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணிக்குப் புதிய தலைமை மேலாளரை அறிவிக்கிறோம்.’

பரீட்சை என்று இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வார்கள்? மனைவியிடம் சொன்னார். அவள் வோய் என்கிற ஊரில் இருக்கும் தன் அப்பாவிடம் சொன்னாள். மாமனார் உடனே விருந்துக்கு ஓர் ஆட்டை வாங்கிக் கட்டிவிட்டார்.

“தலைமையகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரலாமே?” என்றாள் சுஹுரா.

“பெட்டியக்கூட எண்ணத் தெரியாதவன்கிட்ட அஞ்சு நாட்டைத் தூக்கிக் குடுப்பாங்களா? பேனாவக் குடு!”

ரசீதில் இருந்த ஒன்றை இரண்டாக்கிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். கையால் திருத்திய காகிதம் போனால் சுங்கத்தில் பெட்டியைப் பிரிக்காமல் விடமாட்டார்கள். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதை அவரே பாடமாக நடத்துவார். பதவி ஆசையில் அன்றைக்கு மறந்துபோனார்.

ஒரு மணிக்குச் சுஹுராவோடு சுங்கச் சோதனைக் கொட்டகையில் நின்றார். எல்டோரெட்டிலிருந்து அந்த வாரம்தான் மாற்றலாகி வந்த பெண் அதிகாரி செரோடிச், காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“வீட்டுச் சாமான்னா சொந்தக்காரர் நேர்ல வரணும். எங்க அவரு? இல்லேன்னா நாளைக்கு வாங்க.”

நாளைக்கா! இன்றைக்கு நான்கு மணிக்குள் போயாக வேண்டுமே!

“நான்தான் மேடம் சொந்தக்காரன்.”

சுஹுரா அவர் காலை மிதித்தாள். அதற்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

“சரி. ஏழாம் பெட்டியில என்ன?”

“பாத்திரம் பண்டம்” என்று குத்துமதிப்பாகச் சொன்னார்; பட்டியலில் பெட்டி எண்கள் மட்டும்தான் இருந்தன.

கம்பெனியில் சுமை இறக்கும் ஆள் கசுங்கு பெட்டியை உடைத்தான். பனிச்சறுக்குக் கட்டைகள்.

“மொம்பாசாவுல எங்க ஸார் சறுக்கப்போறீங்க?”

“கிளிமஞ்சாரோ உச்சியில கொஞ்சம் பனி இருக்கு மேடம்.”

பன்னிரண்டாம் பெட்டியில் ஷூக்கள், ஒவ்வொன்றும் தோணி மாதிரி. செரோடிச் முவாண்டோவின் கால்களைப் பார்த்தார்.

“சாயங்காலம் ஆனா வீங்கிரும் மேடம்” என்றார் முவாண்டோ.

அடுத்த பெட்டியில் சட்டம் போட்ட படம் ஒன்று. தங்க நிறத் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்தில் நெட்டையாக ஒரு வெள்ளைக்காரர். அடியில் ‘மரேன், உல்ரிக்’ என்று எழுதியிருந்தது.

“இந்த அம்மா?”

“என்... வீட்டுக்காரி.”

“அவங்க தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறாரே, உல்ரிக்கு?”

“என் மச்சினன்.”

அந்த நேரம் பார்த்து நிஜ வீட்டுக்காரியின் போன். “ஏங்க, ஆளெல்லாம் வந்துட்டாங்க. ஆட்டை அறுத்துரலாமான்னு அப்பா கேக்குறாரு.”

“அறுத்துத் தொலைங்க!” என்று கத்திவிட்டு வைத்தார். செரோடிச் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

“வேலையில ஒரு அவசரம் மேடம்” என்று இளித்தார் முவாண்டோ. இந்தப் பதினோரு வருடத்தில் அவர் இத்தனை பொய் சொன்னதே இல்லை. போகட்டும், நான்கு மணிக்கு எல்லாவற்றுக்கும் விடிவு வந்துவிடும்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு அறுபத்தோரு பெட்டியும் பிரிந்து கிடந்தன. செரோடிச்சுக்கே அலுத்துவிட்டது.

“ரசீதுல இல்லாத அந்த அறுபத்திரண்டாம் பெட்டிய மட்டும் பாத்துட்டு விட்டுர்றேன். கசுங்கு, பிரி.”

எல்லாவற்றிலும் சின்னப் பெட்டி அதுதான். கடைசி நிமிடத்தில் யாரோ உள்ளே செருகியிருக்க வேண்டும். கசுங்கு வைக்கோலைக் கிளறி, பளபளவென்று ஒரு பித்தளைப் பலகையை எடுத்தான். மேசைமேல் வைக்கிற பெயர்ப் பலகை. சட்டையில் துடைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவன், முகமெல்லாம் பல்லாக முவாண்டோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“சொல்லவே இல்லியே பாஸ்! ‘கிழக்கு ஆப்பிரிக்கா தலைமை மேலாளர்’ வேலை உங்க மச்சினனுக்குக் கிடைச்சிருச்சா?”